கொட்டேஷனில் இன்னும் கையெழுத்துப் போடாதே

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த மூன்று கொட்டேஷன்களும் வியாழக்கிழமை கிடைத்தன. அப்பா எழுந்து நடக்கிறார் என்று படித்த பிறகுதான் மற்றதைப் படிக்கவே மனம் வந்தது. மூட்டு ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாளே தோட்டத்துக்குப் போகணும் என்று அடம் பிடித்தாராமே! இங்கே பெரியவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அதனால் வீட்டில் டிவி பேசியே மாதக்கணக்காகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு நிறுத்தும் பெட்டி. உள்ளே லோரா ரேடியோ, அதாவது குறைந்த சக்தியில் வெகு தூரம் சின்னச் சின்னச் செய்தி அனுப்புகிற வகை. லைசென்ஸ் வேண்டாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். இதற்கு இந்த மூன்றில் எந்த ஸ்பெக்ட்ரம் அனலைசர், அதாவது எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் போகிறது என்று திரையில் காட்டும் கருவி, வாங்கலாம் என்று கேட்கிறாய். என்னைக் கேட்டால், நீ முதலில் வாங்க வேண்டியது அனலைசரே இல்லை.

ரேடியோ சிப்பைச் செய்தவன் அதைச் சோதித்துத்தான் அனுப்புகிறான். நாம் கெடுப்பது ஆன்டெனாவை. அதனால் முதலில் ஒரு வி.என்.ஏ. வாங்கு. ஆன்டெனாவுக்குள் அனுப்பும் சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று ஒவ்வொரு அலைவரிசையிலும் அளந்து கோடாகக் காட்டும் கருவி அது. உள்ளங்கையில் அடங்குகிற நானோ வி.என்.ஏ. சில ஆயிரம் ரூபாய்தான். முதலில் வந்த மாடல் 900 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காக அளக்கும், உன் 868 அதன் விளிம்பில் நிற்கிறது. 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகிற பிந்தைய மாடலாகப் பார்.

ஒரு தண்ணீர் மீட்டர் வேலையில் நான் பட்டதைச் சொல்கிறேன். மேஜை மேல் வெறும் போர்டாக வைத்து அளந்தபோது கோட்டின் பள்ளம், அதாவது மிகக் குறைவாகத் திரும்பி வரும் இடம், சரியாக 866இல் விழுந்தது. ரிட்டர்ன் லாஸ் 18 டிபி; இந்த எண் கூடக் கூடத் திரும்பி வருவது குறையும். டீ சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் வைத்து, பேட்டரியைப் போட்டு, மூடியைத் திருகினோம். டீ வருவதற்குள் பள்ளம் 830க்கு நகர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் பக்கத்தில் வந்தாலே ஆன்டெனாவின் அலைவரிசை கீழே இறங்கும், அது தெரிந்த சங்கதிதான். தெரிந்தும் கோட்டை விட்டோம். நீ பெட்டியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, மெல்லிய கேபிளை வெளியே எடுத்து, மூடியை முழுசாக மூடி அளந்து பார். கருவியோடு வரும் ஓபன், ஷார்ட், லோடு என்ற மூன்று மூடிகளைப் போட்டுக் காலிபிரேட் செய்வதும் அந்தக் கேபிளின் முனையில்தான் இருக்க வேண்டும், வி.என்.ஏ.வின் வாயில் அல்ல. கேபிளைக் கையால் பிடித்தால் கோடு ஆடுகிறதா? அப்படியானால் கேபிளும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கேபிளில் இரண்டு மூன்று ஃபெரைட் மணிகளை (காந்தப் பொருள் வளையங்கள்) கோத்துவிடு. ரிட்டர்ன் லாஸ் 10 டிபி கிடைத்துவிட்டால் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. அதற்கு மேல் நான் துரத்துவதில்லை.

உன் ஊர் ஸ்டார்ட்டர் பெட்டி தகரம் என்பதை மறந்துவிடாதே. ஆன்டெனா வெளியேதான் இருந்தாக வேண்டும். அந்தத் தகரத்தில் பொருத்தியே அளந்து பார்.

அப்புறம் அனலைசர். மூன்றில் மலிவானது 1.5 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. ரேடியோ தன் அலைவரிசையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் கொஞ்சம் கசியவிடும், அதுதான் ஹார்மோனிக். 868இன் இரண்டாவது ஹார்மோனிக் 1736, மூன்றாவது 2604. ஆய்வகத்தில் முதலில் பிடிப்பது இவற்றைத்தான். இவை கண்ணிலேயே படாத கருவியை வாங்கி என்ன செய்ய? 3.2 கிகாஹெர்ட்ஸ் உள்ள நடுக் கொட்டேஷன் போதும். மூன்றாவது பெரிய பெட்டி உனக்கு வேண்டாம். பின்னால் புளூடூத் சேர்ப்பதாக இருந்தாலும் சான்றிதழ் வாங்கிய மாட்யூலாகவே வாங்கிப் போடு.

விலையைப் பேசும்போதே 20, 30 டிபி அட்டெனுவேட்டர்களையும் (நடுவில் செருகிச் சிக்னலைக் குறைக்கும் துண்டுகள்) நல்ல கேபிள்களையும் சேர்த்துக் கணக்குப் போடு. முதல் வேலையில் நான் ஒரு வாட் டிரான்ஸ்மிட்டரை அனலைசரில் நேராகச் செருகினேன். சத்தம் இல்லை, புகை இல்லை. திரையில் கோடு மட்டும் இருக்க வேண்டிய இடத்துக்கு வெகு கீழே போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். எவ்வளவு தாங்கும் என்று சாக்கெட் பக்கத்திலேயே பொடி எழுத்தில் எழுதியிருந்தது. ரிப்பேர் பில் என் ஆறு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

அட்டெனுவேட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. திரையில் ஹார்மோனிக் தெரிந்தால் அது உன் போர்டிலிருந்து வருகிறதா, அனலைசர் தானே உண்டாக்குகிறதா என்று சந்தேகம் வரும். கூடுதலாக 10 டிபி போட்டுப் பார். அதுவும் 10 டிபியே இறங்கினால் நிஜம். 20, 30 என்று சரிந்தால் கருவி பொய் சொல்கிறது. மலிவான கருவிகள் நிறையவே சொல்லும்.

போர்டு எவ்வளவு சன்னமான சிக்னலைக் கேட்கிறது என்று பார்க்க, அளந்த சிக்னல் கொடுக்கும் சிக்னல் ஜெனரேட்டருக்குப் பணம் ஒதுக்காதே. அனுப்புகிற போர்டு ஒன்றைத் தகர முறுக்கு டப்பாவில் போட்டு, மூடி விளிம்பில் செப்பு டேப் ஒட்டி, அதற்கும் சோதிக்கிற போர்டுக்கும் நடுவில் ஸ்டெப் அட்டெனுவேட்டர் (படிப்படியாகக் கூட்டிக் குறைக்கக் கூடியது) வைத்து, அனுப்பிய செய்திப் பாக்கெட்டில் எத்தனை வந்து சேருகிறது என்று எண்ணு. இவ்வளவு சன்னமான சிக்னல் வரை கேட்கும் என்று சிப்பின் தாளில் போட்டிருக்கும் மைனஸ் 137 டிபிஎம்மை இப்படி நிரூபிக்க முடியாது, டப்பாவிலிருந்து சிக்னல் ஒழுகும். ஆனால் போன மாதப் போர்டைவிட இந்த மாதப் போர்டு மோசமா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது அதுதானே?

முறையான சோதனைக்கு எப்படியும் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும், ரேடியோ கருவிகளுக்கான மத்திய அரசு அமைப்பான டபிள்யூ.பி.சி.யின் ஒப்புதலுக்கு அறிக்கை கேட்பார்கள். தரமணியில் சமீர் என்ற அரசு ஆய்வகம் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா, இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கலாம்.

சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். ஆன்டெனா கேபிளைத் திருகி மாட்டும் எஸ்.எம்.ஏ. கனெக்டர் எத்தனை வேண்டும் என்று அதற்குள் சொல். போன முறை அவசரத்தில் நடு ஊசி இடம் மாறிய ரிவர்ஸ் வகையைப் பத்து வாங்கி வந்துவிட்டேன், திருகினால் அழகாக ஏறும், உள்ளே ஒன்றோடொன்று தொடாது. அந்தப் பத்தும் இன்னும் மேஜை டிராயரில் கிடக்கின்றன. இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ரவி