11 கால்வாய்க்கும் பில்ட் ஓட வைத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள பாளையங்கோட்டை அண்ணாச்சிக்கும், அம்பாசமுத்திரம் தங்கச்சிக்கும், மேலப்பாளையம் தம்பிக்கும்,

வணக்கம். தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் 11 கால்வாய்களுக்கும் நீர்ப்பங்கு கணக்குப் போடும் நிரல் இப்போது ஒரே கட்டளையில் முழுசாக பில்ட் ஆகிறது (எழுதிய வரிகள் ஓடக்கூடிய நிரலாக உருவாகிறது). பேர் போட வேண்டாம் என்று மூன்று பேரும் சொல்லிவிட்டீர்கள். அதனால் ஊர்ப்பேர்தான். வெறும் நன்றியோடு நிறுத்தினால் இதே கோளாறில் மாட்டுகிற அடுத்த ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது என்பதால், நீங்கள் பிடித்துக் கொடுத்ததை விவரமாகவே எழுதுகிறோம்.

கோடைமேலழகியான் கால்வாய்கள் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் தென்கால் வரை, கால்வாய்க்கு ஒரு சப்டைரக்டரி. அதோடு பொது லைப்ரரி, டெஸ்ட், ஆவணம் என்று 3. பில்ட் செய்வது எஸ்கான்ஸ் என்ற பில்ட் கருவியில்: உச்சியில் எஸ்கான்ஸ்ட்ரக்ட் என்ற முதன்மை ஃபைல் ஒன்று, 14 சப்டைரக்டரியிலும் அந்தந்த இடத்து விதிகளைச் சொல்லும் எஸ்கான்ஸ்கிரிப்ட் ஃபைல் ஆளுக்கொன்று. பில்ட் சுத்தமாக முடியும். 'டன் பில்டிங் டார்கெட்ஸ்' என்று கடைசி வரியும் வரும் (டார்கெட் என்றால் உருவாக்க வேண்டிய பொருள்). ஆனால் கோடகன் கால்வாய்க் கணக்கில் செய்த திருத்தம் ஏறவே ஏறாது.

அண்ணாச்சி திருத்தம் எதையும் பார்க்கவில்லை. ஏற்கெனவே பில்ட் ஆனதன் மேல் இன்னொரு தடவை எஸ்கான்ஸை ஓட்டி, வந்த ஒற்றை வரியை மட்டும் வாசித்தார். டீஃபால்ட் (டார்கெட் பேர் கொடுக்காமல் ஓட்டும்போது எதை பில்ட் செய்வது என்ற அறிவிப்பு) எதுவும் சொல்லாத இடத்தில் எஸ்கான்ஸ் இருக்கும் டைரக்டரியையும் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். அப்போது 'புள்ளி அப் டு டேட்' என்றுதான் வரும்; புள்ளி என்பது இருக்கும் டைரக்டரி, அதில் புதிதாக உருவாக்க ஒன்றுமில்லை என்று பொருள். இங்கே புள்ளி இருந்த இடத்தில் பாளையன் கால்வாய் நிரலின் பாதை இருந்தது. "பாளையனுக்கு மட்டும்தான் மடை திறந்திருக்கு, மத்த பத்தும் காயுது" என்றார். அதேதான். பாளையன் எஸ்கான்ஸ்கிரிப்டில் யாரோ தன் வசதிக்காக டீஃபால்ட் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள்.

டீஃபால்டை எந்த எஸ்கான்ஸ்கிரிப்டில் எழுதினாலும் அது அந்த டைரக்டரியோடு நிற்காது. டீஃபால்ட் பட்டியல் மொத்த பில்டுக்கும் ஒன்றே ஒன்று. பட்டியல் காலியாக இருக்கும்வரை எல்லாம் பில்ட் ஆகும். முதல் பேர் ஏறிய நொடியில், பட்டியலில் இல்லாதது அத்தனையும் வெளியே. பாளையன் நிரல் பொது லைப்ரரியை நம்பியிருப்பதால் அதுவும் கூடவே பில்ட் ஆனது, திரையில் நிறைய வரிகள் ஓடின, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லைப்ரரி ஸ்டாட்டிக் லிங்க் (அதன் நகல் நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும்) என்பதால் மற்ற 10 நிரல்களுக்குள்ளும் பழைய சரக்கு. டெஸ்டும் அந்தப் பழைய நிரல்களையே ஓட்டி 'பாஸ்' சொல்லிக்கொண்டிருந்தது. எர்ரர் காட்டி நிற்கிற பில்டைக்கூட நம்பலாம், இதை நம்பவே முடியாது.

மாற்று வழி தங்கச்சி கொடுத்தது. எந்த சப்டைரக்டரியிலும் டீஃபால்ட் கூடாது. ஒவ்வொரு கால்வாயும் தன் நிரலை 'கால்வாய்' என்ற ஒரே அலையாஸில் (பல டார்கெட்டுகளுக்குச் சேர்த்து வைக்கும் ஒரு பேர்) சேர்க்க வேண்டும். அலையாஸை ஒரே பேரில் எத்தனை முறை கூப்பிட்டாலும் பழையது அழியாது, கூடிக்கொண்டே போகும். எஸ்கான்ஸ்ட்ரக்டில், எல்லா எஸ்கான்ஸ்கிரிப்டையும் படித்து முடித்த பிறகு, கடைசியாக அந்த அலையாஸுக்கு ஒரே ஒரு டீஃபால்ட். வரிசை முக்கியம். அலையாஸ் உருவாகும் முன்பே அதன் பேரை டீஃபால்டுக்குக் கொடுத்தால், எஸ்கான்ஸ் அதை அந்த டைரக்டரியில் உள்ள ஒரு ஃபைலின் பேராக எடுத்துக்கொள்ளும். எங்கிருந்தோ வந்து ஒட்டிய டீஃபால்ட் வரிகளைக் கழிக்க, அந்தக் கடைசி டீஃபால்டுக்கு முந்தைய வரியில் டீஃபால்டுக்கு 'நன்' (ஒன்றுமில்லை என்ற பைத்தான் மதிப்பு) கொடுத்தால் பட்டியல் வெறுமையாகும். அதன்பின் எதையும் சேர்க்க மறந்தால், டார்கெட்டே இல்லை என்று எஸ்கான்ஸ் நின்றுவிடும். நிற்பது நல்லதுதான்.

சரிபார்க்க: 'மைனஸ் என்' ஆப்ஷன், கூடவே ட்ரீ ஆப்ஷனில் 'டெரைவ்ட்'. எதையும் பில்ட் செய்யாமல், எது எதை நம்பியிருக்கிறது என்ற மரத்தைக் காட்டும். அலையாஸுக்கு நேர் கீழே 11 பேர் இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

அந்த டீஃபால்ட் வரியைப் போட்டவர் கேட்டது நியாயமான வசதிதான்: பாளையனில் வேலை செய்யும்போது பாளையன் மட்டும் பில்ட் ஆக வேண்டும். அதற்குத் தம்பி சொன்ன வழி, சப்டைரக்டரிக்குள் நின்று சிறிய யூ ஆப்ஷனோடு ஒரு புள்ளியும் கொடுப்பது. எஸ்கான்ஸ் மேலே ஏறி எஸ்கான்ஸ்ட்ரக்டைக் கண்டுபிடித்து, நின்ற இடத்துக்குக் கீழே உள்ளதையும் அதற்குத் தேவையானதையும் மட்டும் பில்ட் செய்யும். புள்ளியை விடக்கூடாது. அலையாஸ் எந்த டைரக்டரிக்கும் சொந்தமில்லை. அதுவே டீஃபால்டாக இருப்பதால், புள்ளி இல்லாத சிறிய யூ 11-ஐயும் இழுத்துக்கொண்டு வரும். பெரிய டி ஆப்ஷன் எங்கே நின்றாலும் எல்லா டீஃபால்டையும் பில்ட் செய்யும். பெரிய யூ, நிற்கிற டைரக்டரியின் எஸ்கான்ஸ்கிரிப்ட் அறிவித்த டீஃபால்டை மட்டும். நம் ஏற்பாட்டில் அதற்கு வேலை இல்லை.

பில்டில் உருவான ஃபைல்களைத் துடைப்பதிலும் இதே கதை. மைனஸ் சி மட்டும் கொடுத்தால் டீஃபால்டில் உள்ளதும் அதற்காக உருவானதும்தான் அழியும், டெஸ்ட் நிரல்கள் அப்படியே கிடக்கும். மைனஸ் சி, பிறகு புள்ளி. இதுவும் தம்பி சொன்னதுதான்.

பழைய மழைப்பதிவுகளை மாற்றும் கருவி இன்னும் குனூ மேக் என்ற வேறொரு பில்ட் கருவியில் இருக்கிறது. அங்கே முதலில் வரும் டார்கெட்டே டீஃபால்ட். சப்டைரக்டரியின் மேக்ஃபைலை உச்சியில் இன்க்லூட் செய்ததால் அதன் முதல் டார்கெட், எல்லாவற்றையும் பில்ட் செய்யும் 'ஆல்' டார்கெட்டை முந்திவிட்டது. இன்க்லூடைக் கீழே இறக்கிச் சரிசெய்தது அண்ணாச்சி. ஷெல் லூப்பில் ஒவ்வொரு டைரக்டரியாக மேக் ஓட்டியதையும் எடுத்துவிட்டார். நடுவில் ஒன்று தோற்றாலும் லூப் தொடரும், கடைசி டைரக்டரியின் முடிவுதான் வெளியே தெரியும். இப்போது டைரக்டரிக்கு ஒரு ஃபோனி டார்கெட் (ஃபைல் அல்ல, வெறும் பேர் என்று அறிவித்த டார்கெட்), உள்ளே மேக் என்ற வேரியபிள் வழியாகவே அழைப்பு. ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் மைனஸ் ஜே கொடுத்தால் உள்ளேயும் சரியாகப் பங்கு போகிறது. ஃபோனி என்று சொல்லாமல் விட்டால், அந்தப் பேரில் டைரக்டரி ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து 'அப் டு டேட்' என்று மேக் கையை விரித்துவிடும்.

அண்ணாச்சி, ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மருதூர் கீழக்கால் எஸ்கான்ஸ்கிரிப்டில் கமென்ட் போட்ட டீஃபால்ட் வரி ஒன்று இன்னும் கிடக்கிறது. அதை அழிக்கலாமா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நன்றியுடன்,
நீர்க்கணக்கு நிரல் குழுவினர்
திருநெல்வேலி