பைத்தான் மாறுதல் குறிப்பேட்டுக்குத் துணைநின்றோர்க்கு நன்றி

கொழிஞ்சாம்பாறை

அன்புடையீர்,

எங்கள் பால் சொசைட்டியின் கணக்கு நிரலைப் பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான 2.7இலிருந்து பைத்தான் 3க்கு மாற்றும்போது நான் எழுதத் தொடங்கிய குறிப்பேடு, இந்த வாரம் தமிழிலும் மலையாளத்திலும் நிறைவு பெற்றது. பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில், 2.7க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. இவ்வளவு அவகாசம் இருந்தும் நான் கவனிக்காத ஒன்றைக் கண்டறிந்தவர், நாள்தோறும் இரண்டு பசுக்களின் பாலை ஊற்றும் ஓர் அக்கா. முன்பு 122.50 ரூபாய் 123 என்று முழு ரூபாயாக்கப்பட்ட சீட்டையும், இப்போது அது 122 ஆகிவிட்ட சீட்டையும் அருகருகே வைத்து, 123.50 மட்டும் பழையபடி 124 ஆகவே வருவது ஏன் என்று அவர் கேட்டார். தொகையை முழு எண்ணாக்கும் கட்டளையான ரவுண்ட், பழைய பைத்தானில் அரை ரூபாயை மேலே ஏற்றும். புதியதில் அதை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுசெல்லும். பிழைச்செய்தி எதுவும் வராது. அவருக்கு என் முதல் நன்றி.

விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டும் என்பது போன்ற மாறுதல்கள் நிரலையே நிறுத்திவிடுவதால், அவற்றுக்கு ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. ஓசையின்றி வேறு விடை தருபவற்றுக்கே மற்றப் பக்கங்களை ஒதுக்கினோம்.

பழைய சீட்டுக் கட்டுகளைத் தந்து, இரு பதிப்புகளின் விடைகளையும் ஒப்பிட இடமளித்த செயலாளர் ஐயாவுக்கு நன்றி. பட்டியலிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே கணக்கைச் செய்யும் மேப் என்ற கட்டளை முன்பு பட்டியலைத் தந்தது, இப்போது ஒரே முறை படிக்கத்தக்கதைத் தருகிறது. ஆகவே கூட்டுத்தொகையை எடுத்தபின் அதையே மீண்டும் எண்ணினால் பூஜ்யம் வருகிறது என்று விளக்கிய கல்லூரி ஆசிரியருக்கும் நன்றி. உறுப்பினர் பெயர்கள் சீட்டில் கோணலாக விழுந்த காரணத்தைக் கண்டவர் அவருடைய மாணவி. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம், யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) கொண்டு எழுதிய பழைய நிரலில் 15 பைட்டுகள், புதியதில் 5 குறிகள். நாம் எண்ணும் 3 எழுத்து இரண்டிலும் இல்லை. மலையாளப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு என்று காட்டி, குறிப்பேட்டை மொழிபெயர்த்தவரும் அவரே.

ஒவ்வொரு மாறுதலுக்கும் ஓடத்தக்க சிறு நிரலையும் இரு விடைகளையும் சேர்த்திருக்கிறோம். அரை ரூபாயை மேலே ஏற்றும் விதியை இப்போது நிரலிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டோம். உறுப்பினர்களுக்குக் குறைந்துபோன ரூபாய்கள் அடுத்த பட்டுவாடாவில் சேர்த்து வழங்கப்பட்டன. அக்காவின் இரண்டு சீட்டுகளும் அவர் இசைவுடன் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன.

நன்றியுடன்,
நிரல் எழுதியவன்