கயிற்றின் எடை பற்றி மாப்பிள்ளைக்கு

கிராண்ட் ராபிட்ஸ், மிச்சிகன்
ஆகஸ்ட் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவனுக்குப் பென்சில்வேனியாவிலேயே கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைப் பெரியண்ணாச்சி சொல்லித்தான் அறிந்தேன். நான் ஒன்பது மாதமாக எழுதாமல் இருந்ததற்கு நீ கொடுத்த தண்டனை அது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் மின்னஞ்சல் நேற்று இரவு வந்தது. மரமேறி வில்லால் மான் வேட்டையாட எடுத்துப்போகும் பையின் எடையைக் குறைப்பதற்காகப் பழைய 11 மி.மீ. கயிறுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, டைனீமா என்ற வழுவழுப்பான செயற்கை நாரில் 6 மி.மீ. கயிறு 15 மீட்டர் வாங்கியிருப்பதாகவும், மேலே இருக்கும்போது நம்மை மரத்தோடு பிணைக்கும் டெதர், ஏறும்போது மரத்தைச் சுற்றிப் போடும் லைன்மேன் கயிறு, மரத்திலிருந்து இறங்கும் கயிறு மூன்றையும் அதிலேயே வெட்டி எடுத்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்சக்கரத்து மட்காடைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் வேகம் கூடிவிட்டது என்று பாளையங்கோட்டை முழுவதும் சொல்லித் திரிந்த ஆள் நீ. ஐப்பசி மழையில் உன் வெள்ளைச் சட்டையின் முதுகுக்கு என்ன நேர்ந்தது என்பதை வார்டன் இன்றும் மறக்கவில்லை. ஆனால் இது சட்டையோடு போகிற காரியம் அல்ல. அந்தக் கயிற்றை இன்னும் வெட்டவில்லை என்றால் தயவு செய்து வெட்டாதே.

முதலில், உன்னிடம் நான் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற நவம்பரில் நன்றி நவிலல் விருந்துக்கு உன் வீட்டுக்கு வராமல், எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன் அல்லவா? அது காய்ச்சல் இல்லை. இடப்பக்க விலா முழுவதும் கன்றிப்போய், மூச்சை இழுத்துவிடக்கூட முடியாமல் படுத்திருந்தேன். நான் மரத்திலிருந்து சறுக்கினேன், மாப்பிள்ளை. நாம் சேர்ந்து கற்றுக்கொண்ட ஒரு காரியத்தில் உன்னிடம் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லாத ஒரு தவறைச் செய்தேன் என்ற குற்ற உணர்வில்தான் அதன் பிறகு எழுதவே கை வரவில்லை.

நடந்தது இதுதான். பை கனக்கிறது என்று நானும் புதிதாக 8 மி.மீ. கயிற்றில் டெதர் வாங்கினேன். நல்ல கயிறு, அதன்மேல் எனக்கு இன்றும் குறை இல்லை. ஆனால் பழைய 11 மி.மீ. டெதரைச் சுற்றிக் கவ்வும் புருசிக் முடிச்சுக்காக வைத்திருந்த 8 மி.மீ. துண்டுக் கயிற்றை, அது இன்னும் புதிதாகத்தானே இருக்கிறது என்று கழற்றி, அப்படியே புதிய டெதரில் சுற்றினேன். மனிஸ்டீ காட்டில் ஒரு சிவப்பு ஓக் மரம். அதிகாலையில் உறைபனி இறங்கியிருந்தது. ஏறுவதற்குப் படி வைத்த ஸ்டிக் நான்கை மரத்தில் கட்டி, பதினெட்டு அடி உயரத்தில் கால் தட்டைப் பொருத்தி, சேடில் என்ற இடுப்பு வாரில் சாய்ந்து இரண்டு மணி நேரம் இருந்தேன், முடிச்சு அசையவில்லை. வலப்பக்கம் ஒரு பெட்டை மான் வந்தது. அம்பு எய்யும் கோணத்துக்காக மரத்தைச் சுற்றி உடலைத் திருப்பினேன். எடை ஒரு கணம் கயிற்றிலிருந்து நீங்கி மறுபடியும் விழுந்தது. அப்போது முடிச்சு பிடிக்கவில்லை. கயிற்றின் மீது வழுக்கிக்கொண்டே வந்து, நுனியில் நான் போட்டிருந்த தடுப்பு முடிச்சில் முட்டித்தான் நின்றது. நான் கால் தட்டுக்குக் கீழே, மூன்றடிக்கு மேல் இறங்கி, விலாவால் ஸ்டிக்கின் மேல் மோதித் தொங்கினேன். காலுக்கு எட்டும் தூரத்தில் அந்த ஸ்டிக்கின் படி இருந்ததால் மிதித்து நின்றுகொள்ள முடிந்தது. அந்த நுனி முடிச்சு இல்லாதிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் துண்டுக் கயிற்றை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். உள்வளைவில் நைலான் உறை உருகி, ஆறிய கருப்பட்டிப் பாகு போலக் கெட்டியாகிப் பளபளத்தது. நகத்தால் கீறினால் சிறு செதில்களாகப் பெயர்ந்தது. இவ்வளவும் மூன்றடிச் சறுக்கலில், குளிர்காலத்துக் காற்றில் எழுந்த உரசல் சூட்டினால் வந்தது. அந்தத் துண்டை நான் எறியவில்லை; நீ வரும்போது உன் கையில் கொடுப்பேன்.

ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் அறிமுகப்படுத்திய அந்த முடிச்சு, சுற்றும் கயிறு முதன்மைக் கயிற்றைவிட மெலிந்திருந்தால்தான் அதைக் கவ்வும். முதன்மைக் கயிற்றின் தடிமனில் பத்தில் ஆறு பங்கிலிருந்து எட்டுப் பங்கு வரை என்பது பொதுவான அளவு. 11 மி.மீ. கயிற்றில் 8 மி.மீ. சுற்றினால் அது அந்த வரம்புக்குள் இருக்கிறது. 8 மி.மீ. கயிற்றில் 8 மி.மீ. சுற்றினால் இரண்டும் சமம். சுற்று இறுகி உட்கார்வதற்குப் பதிலாக மேலேயே உருளுகிறது. உன் 6 மி.மீ. கயிற்றுக்கு நீ 4 மி.மீ. துண்டைச் சுற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு மெலிந்த கயிறு இறுகினால் கையுறை போட்ட விரலால் தளர்த்தவும் முடியாது; அதில் உயிரை ஒப்படைக்கவும் கூடாது. முடிச்சுக்குப் பதிலாக, கயிற்றைப் பல்லால் கவ்வும் அந்த உலோகப் பிடியைப் போடலாம் என்று நினைப்பாய். அதன் பக்கவாட்டில் எந்தத் தடிமன் முதல் எந்தத் தடிமன் வரை என்று எண் பொறித்திருக்கும். இப்போதே எடுத்துப் பார். 11 மி.மீ. கயிற்றுக்காக நாம் வாங்கிய பிடி அது. மெலிந்த கயிற்றில் அதன் பல் முழுமையாகப் பதியாது.

வலிமையைக் கணக்கிட்டுத்தான் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கணக்கு தவறில்லை. டைனீமா எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது, 6 மி.மீ. கயிறு உன்னைப் போல் பலரைத் தாங்கும். வலிமை நமக்கு எப்போதுமே சிக்கலாக இருந்ததில்லை. துணைக் கயிறுகளுக்கான ஐரோப்பிய அளவுகோலில் சாதாரண 6 மி.மீ. கயிறே 7.2 கிலோநியூட்டனும் 8 மி.மீ. கயிறு 12.8 கிலோநியூட்டனும் தாங்கியாக வேண்டும். பின்னது ஏறத்தாழ 1,300 கிலோ எடை. முடிச்சு போட்டால் அதில் கால் பங்கோ அதற்கு மேலோ குறையும் என்று வைத்துக்கொண்டாலும் நீயும் உன் வில்லும் சேர்ந்து நூறு கிலோ. ஆகவே அறுந்துபோகுமா என்று கேட்பதைவிட, பிடிக்குமா, உரசலையும் சூட்டையும் தாங்குமா, விழுந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுமா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றிலும் வெறும் டைனீமா தோற்றுவிடுகிறது. மெழுகு தடவியது போன்ற வழுவழுப்பினால் அதில் போட்ட முடிச்சே மெல்ல அவிழ்ந்து நழுவும். 150 டிகிரி செல்சியசுக்குச் சற்று முன்பின்னாக அது உருகிவிடும். நைலானும் பாலியெஸ்டரும் 200 டிகிரிக்கு வெகு மேலே தாங்குபவை. அறுபடும் வரை இழுத்தாலும் அந்த நார் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுதான் நீளும் என்பதால், டெதரைத் தளர்வாக விட்டு இரண்டடி விழுந்தாலும் அந்த அடி முழுவதும் உன் இடுப்பெலும்பில் இறங்கும்.

வாங்கிய பணம் வீணாகிறதே என்று வருந்தாதே. ஸ்டிக்குகளை மரத்தோடு இறுக்கிக் கட்டுவதற்கு டைனீமாவை விஞ்சியது இல்லை. இந்த மாநிலத்தில் பொது நிலத்து மரங்களில் ஆணியோ திருகோ இறக்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் கட்டித்தான் ஆக வேண்டும். உன் 15 மீட்டரை அதற்கு வைத்துக்கொள். கனமான வார்களைக் கழற்றி எறி. எடை உண்மையாகவே குறைவது அங்கேதான்.

எடைக் கணக்கையும் உனக்காகப் போட்டுப் பார்த்தேன். 11 மி.மீ. கயிறு மீட்டருக்கு ஏறத்தாழ 75 கிராம், 8 மி.மீ. கயிறு 40 கிராம், உன் டைனீமா 22 கிராம். டெதர் இரண்டரை மீட்டர்தான். 11-லிருந்து 8-க்கு வந்தால் 90 கிராம் குறைகிறது. 8-லிருந்து உன் 6-க்கு இறங்கினால் இன்னும் 45 கிராம். ஒரு கோழி முட்டையின் எடைகூட இல்லை. அந்த ஒரு முட்டைக்காக நீ உன் பிடிமானத்தை எல்லாம் விற்கிறாய். இறங்கும் கயிறு பத்து மீட்டர் நீளம் என்பதால் அங்கே மட்டும் மெலிந்த கயிறு 350 கிராம் மிச்சப்படுத்தும். அதையும் தடிமனில் மட்டுமின்றி நீளத்தில் குறைக்கலாம். இருபது அடி உயரத்துக்கு ஆறு மீட்டர், மரத்தைச் சுற்ற ஒன்றரை மீட்டர், முடிச்சுக்கும் கைமிச்சத்துக்கும் ஒன்றரை மீட்டர் என்று ஒன்பது மீட்டரே போதும். கீழிறங்கிய பின் கயிற்றை இழுத்து எடுப்பதற்கு மட்டும் ஒரு மெல்லிய நூற்கயிறு வைத்துக்கொள். அதில் எந்நாளும் எடை போடாதே.

நான் இந்த ஆண்டுக்கு முடிவு செய்திருப்பதைச் சொல்கிறேன். டெதருக்கும் லைன்மேன் கயிற்றுக்கும் பாலியெஸ்டர் உறை போட்ட, அதிகம் நீளாத 9 மி.மீ. நிலைக்கயிறு, அதன்மேல் 6 மி.மீ. துண்டில் புருசிக். நைலான் உறை நீரைக் குடித்து வலிமையில் சிறிது இழக்கும், குளிரில் விறைத்துப் பிரம்பு போலாகும், உடலைத் திருப்பும்போது முனகும். வெள்வால் மானின் காதுக்கு அந்த முனகல் போதும். பாலியெஸ்டர் அவ்வளவு நீர் உறிஞ்சாது. இறங்குவதற்கு அராமிட் உறையுள்ள 8 மி.மீ. கயிறு வாங்கியிருக்கிறேன். அராமிட் நார் உருகுவதே இல்லை. மரப்பட்டையின் உரசலையும் நன்றாகத் தாங்கும். வெயில் மட்டும் அதற்கு ஆகாது, ஆகையால் கார் கண்ணாடிக்குப் பின்னால் போட்டு வைக்காமல் துணிப் பையில் வைக்கிறேன். இதைவிட மெலிந்த கயிறு என் கைக்கு ஒத்துவரவில்லை. நவம்பர் மாலையில் விரல் மரத்துப்போய் இறங்கும்போது, உள்ளங்கையில் கயிறு இருக்கிறது என்ற உணர்வே பெரிய பாதுகாப்பு.

இன்னொன்றையும் நீ எழுதியதிலிருந்து கவனித்தேன். அம்புக்கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டே ஏறுவதாகச் சொல்லியிருக்கிறாய். இறுகி நிற்கும் கயிற்றைச் சவர அலகு போன்ற அம்பு முனை தொட்டால், தளர்ந்த கயிற்றை வெட்டுவதற்கு ஆகும் வலுவில் சிறு பங்குகூடத் தேவைப்படாது. கயிறு மெலிய மெலிய அந்த ஆபத்து கூடும். வில்லையும் அம்புக்கூட்டையும் கீழே வைத்துவிட்டு ஏறு. மேலே கட்டிக்கொண்ட பிறகு இழுகயிற்றால் தூக்கிக்கொள்.

மாமா காலையில் பனையடியில் நின்று செய்வது உனக்கு நினைவிருக்கும். ஏறக் கால் வைக்கும் முருக்குத்தடியைப் பனையில் சாய்த்து வைத்துவிட்டு, தளைநாரைக் காலில் மாட்டுவதற்கு முன் இரண்டு கையாலும் முறுக்கி, காதருகே கொண்டுபோய்க் கேட்பார். நார் நெரிகிற ஓசை வந்தால் அன்றைக்கு வேறு நார். நாற்பது பனை ஏறுகிற நாளிலும் அதை அவர் விட்டதில்லை. நாம் ஆண்டுக்கு இருபது முறை ஏறுகிறோம். இப்போது நானும் ஒவ்வொரு முறையும் கயிற்றை முழு நீளத்துக்கும் விரலிடையில் விட்டு மடித்துப் பார்க்கிறேன். உறை நன்றாயிருந்தும் உள்ளே திரி தட்டையாகவோ, ஓரிடத்தில் மட்டும் மெத்தென்றோ இருந்தால் அந்தக் கயிறு அன்றோடு சரி.

அக்டோபர் 1 அன்று இங்கே வில் வேட்டை தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரம் நீ இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. என் வீட்டுப் பின்புறத்து மேப்பிள் மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டி, முழு எடையோடு நூறு முறை ஏறி இறங்கிப் பார்ப்போம். எடையை எடுத்து மறுபடி போடுவதைத்தான் அதிகமாகச் சோதிக்க வேண்டும். என் முடிச்சு தோற்றது அங்கேதான். பிறகு குழாய்த் தண்ணீரால் கயிற்றை நனைத்துக் கையுறையோடு மறுபடியும் செய்வோம். உனக்கான 9 மி.மீ. கயிறு பத்து மீட்டர் என்னிடம் இருக்கிறது, வாங்க வேண்டாம்.

அதுவரை ஏறியே ஆக வேண்டும் என்றால் அந்தப் பழைய 11 மி.மீ. கயிற்றிலேயே ஏறு, நுனியில் தடுப்பு முடிச்சைப் போட்டுக்கொள். இந்தக் கடிதம் கிடைத்ததும் டைனீமாவை வெட்டவில்லை என்று ஒரு வரி எழுதிவிடு. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். விலா விவரம் அவர்கள் காதுக்குப் போக வேண்டாம்.

அன்புடன்,
உன் மச்சான்