அண்ணாவுக்காகக் காத்து நின்றவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

டோர்ட்முண்ட், பெப்ரவரி 2019

அன்பான சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும்,

அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டார். ஒக்டோபரில் அவருக்கு வலக்கையும் பேச்சும் வழங்காமல் போனதில் இருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப்பேர் எங்களோடு ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்தவர்கள்தானே. அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. அண்ணியும் பிள்ளைகளும் நானும் சேர்ந்து நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முறை வைத்து இரவில் கூட இருந்தவர்கள், சோறும் கறியும் கட்டிக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போனவர்கள், கிராங்கன்காச என்கிற மருத்துவக் காப்புறுதிக்காரரின் கடிதங்களை வரிவரியாக வாசித்து எங்களுக்கு விளங்கப்படுத்திய தம்பி, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் அண்ணாவின் பெயரில் அர்ச்சனை செய்து விபூதியைத் தபாலில் அனுப்பிய மாமி, சின்னவனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த பெற்றோர், ஆஸ்பத்திரித் தாதிமார், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் லோகோ அம்மா. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லவேண்டிய நன்றி இது, வருவோம். இந்தக் கடிதத்தின் மிச்சத்தை மட்டும் உங்களில் ஒருவருக்கும் தெரியாத ஒரு பெண்ணுக்கு எடுத்துக்கொள்கிறேன். கோவிக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

பிங்க் ஃபிளாய்ட் என்கிற ஆங்கில ரொக் இசைக்குழுவில் அண்ணாவுக்கு இருக்கும் பைத்தியம் ஊரறிந்தது. 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவருக்கு, கூட வேலை செய்த ஜேர்மன்காரச் சமையல்காரர் ஒரு கசெற் கொடுத்தாராம். ஜேர்மன் பாஷையே சரியாக வராத காலத்தில், ஆங்கிலப் பாட்டை விளங்கிக் கேட்டாரா விளங்காமல் கேட்டாரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கசெற்றோடுதான் அவர் முதல் மாரிகாலத்தைக் கழித்தார். பிறகு நான் வந்து சேர்ந்தபோது என்னையும் பிடித்து இருத்திக் கேட்க வைத்தார். 1981 பெப்ரவரியில் அந்தக் குழு எங்கள் டோர்ட்முண்ட் வெஸ்ட்ஃபாலன்ஹால மண்டபத்தில் எட்டு இரவு வாசித்தது. மேடைக்குக் குறுக்கே வெள்ளைச் செங்கல் சுவர் எழும்பும் அந்த நிகழ்ச்சி 80இலும் 81இலும் உலகத்திலேயே நாலு இடத்தில்தான் நடந்தது: லொஸ் ஏஞ்சலஸ், நியூயோர்க் பக்கம், லண்டன், டோர்ட்முண்ட். நாலு வருசத்தால் தவறவிட்டேனே என்று அண்ணா இன்றைக்கும் கவலைப்படுவார்.

அதனால்தான், லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் மியூசியத்தில் 2017இல் தொடங்கி, ரோம் போய், அங்கிருந்து அவர்களின் கண்காட்சி இங்கே டோர்ட்முண்டர் ஊ என்கிற கலைக்கூடக் கோபுரத்துக்கு வருகிறது என்றதும் செப்டெம்பரிலேயே எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெற் எடுத்து வைத்திருந்தார். பிறகு ஒக்டோபர் வந்தது. டிக்கெற் அவருடைய ஜக்கெற் பொக்கெற்றில் கிடந்தது. பெப்ரவரி 10ஆம் திகதி கண்காட்சி முடிகிறது என்று தெரிந்ததும் அண்ணிதான், “கூட்டிக்கொண்டு போ, நான் கொஞ்சம் நித்திரை கொள்ளுறன்” என்றா. திகதி கடந்த டிக்கெற்றைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட பெடியனுக்கும் எங்கள் நன்றி.

காதில் ஹெட்போன், கழுத்தில் ஒரு சின்னப் பெட்டி. எந்தப் பொருளுக்கு முன்னால் நிற்கிறோமோ அதற்குரிய பாட்டும் பேச்சும் தானாகவே காதுக்கு வரும். நகர்ந்தால் அது மங்கிப்போய் அடுத்தது எழும்பும். ஒரு பொத்தானும் அமத்தத் தேவையில்லை. வலக்கை வழங்காத மனிசனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று, சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு போன எனக்குத்தான் தெரியும்.

முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பொருட்கள். கிற்றார்கள், மேடைக்குக் கட்டிய இராட்சதப் பொம்மைகள், கையால் எழுதிய பாட்டு வரிகள், அட்டைப்படங்களுக்கு எடுத்த புகைப்படங்கள். ஓர் இசைக்குழுவின் கதையைப் பாட்டால் மட்டும் சொல்லிவிட முடியாது என்று அங்கேதான் விளங்கியது. அட்டைப்படங்களைச் செய்த ஸ்டோர்ம் தோர்கெர்சனும் ஓப்ரி பவலும் இல்லாவிட்டால் பாதி இல்லை. நெருப்புப் பற்றியெரியும் ஒருவர் இன்னொருவருக்குக் கை கொடுக்கும் அந்தப் படம் அண்ணாவின் கசெற்றில் தீப்பெட்டி அளவில் இருந்தது. கணினி வித்தை ஏதுமில்லை, ஒரு சண்டைப் பயிற்சிக்காரருக்கு மெய்யாகவே நெருப்பு வைத்து எடுத்தது. அதற்கு முன்னால் அண்ணா கனநேரம் இருந்தார். குழுவில் சிலர் படித்த கேம்பிரிட்ஜ் பள்ளிக்கூடத்துப் பிரம்பும் இருந்தது. அதைக் கண்டதும் இடக்கையை விரித்து எனக்குக் காட்டி, வாய்விட்டுச் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் படித்தவருக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒக்டோபருக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

கடைசி அறையில் ஹெட்போனைக் கழற்ற வேண்டும். அறை முழுக்க ஒலிபெருக்கி, சுவர் முழுக்கத் திரை. 2005 ஜூலை 2இல் லண்டன் ஹைட் பார்க்கில் குழுவின் நாலு பேரும் இருபத்துநாலு வருசத்துக்குப் பிறகு ஒன்றாக நின்று வாசித்தது ஓடும். கோபித்துப் பிரிந்தவர்கள். அதற்குப் பிறகு நாலு பேரும் சேர்ந்து ஒரு மேடையில் வாசிக்கவேயில்லை, 2008இல் அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ரைட் போய்விட்டார். பாட்டு முடிந்தது. சனம் வெளியே போனது. மூடும் நேரம் நெருங்கியிருந்தது. நான் கதிரையின் பிரேக்கை எடுத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தா. அங்கே வேலை செய்கிறவ, இருபத்தைந்து வயது இருக்கும். எங்களை வெளியே போகச் சொல்லத்தான் வருகிறா என்று நினைத்து, நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவ என்னைப் பார்க்கவில்லை. அண்ணாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவருடைய முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, மெதுவாக ஜேர்மனில் கேட்டா: போகப் போறீங்களா, இன்னும் இருக்கப் போறீங்களா?

இந்த நாலு மாதத்தில் ஆரும் அவரைக் கேட்கவில்லை. டொக்டர் என்னைக் கேட்பார், அண்ணியைக் கேட்பார். கடைக்காரர் என்னைக் கேட்பார். கேட்டாலும் அவர் சொல்லைத் தேடி வாயைத் திறக்கும்போதே நாங்கள் ஒரு சொல்லைக் கொண்டுபோய்த் திணித்துவிடுவோம். “தண்ணியா? ரொய்லெற்றா? நோகுதா?” அன்பில்தான் செய்தோம். அன்றைக்கும் என் வாயில் பதில் தயாராக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு விரலைக்கூட அசைக்காமல், கண்ணை எடுக்காமல் காத்திருந்தா. அண்ணாவின் உதடு அசைந்தது, நின்றது, திரும்ப அசைந்தது. தவறான ஒரு சொல் வந்தது. அவரே தலையை ஆட்டி அதை வேண்டாம் என்றார். அவ ஓம் என்பதுபோல் தலையசைத்துவிட்டு இன்னும் காத்திருந்தா. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திரையில் படம் முதலில் இருந்து திரும்பத் தொடங்கிவிட்டது, அவ்வளவு நேரம்.

பிறகு அண்ணா சொன்னார், தெளிவாக, தமிழில்: “இன்னொருக்கா.”

அவவுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பக்கம் திரும்பி என்ன சொல்கிறார் என்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே எழும்பி, கதவடியில் போய் நின்று, பாட்டு முடியும்வரை ஒருவரையும் எங்களை அவசரப்படுத்த விடவில்லை. குழுவின் கிற்றார்க்காரர் கில்மோரின் கிற்றார் ஏறி ஏறிப் போகும் அந்தக் கடைசிக் கட்டத்தில் அண்ணா இடக்கை விரலால் கதிரைப் பிடியில் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சிட் பாரட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், வருத்தத்தில் விலகிப்போனவர். 1975 ஜூன் 5ஆம் திகதி, அவரை நினைத்து எழுதிய பாட்டில் மற்றவர்கள் ஸ்ரூடியோவில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவரே உள்ளே வந்தார். உடம்பு வைத்து, தலையும் புருவமும் மழித்து. கனநேரம் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. கண்காட்சியில் அவருக்கென்றே ஒரு பகுதி இருந்தது. அண்ணாவைத் தள்ளிக்கொண்டு அதைக் கடந்துதான் போனேன். என் பக்கத்தில் இருப்பவர் என் அண்ணாதான் என்பதை நானே எத்தனை நாள் மறந்திருக்கிறேன் என்று அப்போது நினைக்கவில்லை, இரவில்தான் நினைத்தேன்.

இனி அவருடைய சொல்லை நான் சொல்லமாட்டேன். அண்ணியும் அப்படியே. நேற்றுக் காலையில் தேத்தண்ணியா கோப்பியா என்று கேட்டுவிட்டு அண்ணி கேத்தலடியில் நின்றா. தண்ணி கொதித்து ஓய்ந்தது. “கோப்பி” என்றார். ஆறின தண்ணியைத் திரும்பக் கொதிக்க வைத்தோம். வீட்டுக்கு வருகிற நீங்களும் அவரோடு அப்படியே கதையுங்கள். வருவதற்கு நேரம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. கண்காட்சி பெட்டிகளில் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறது, அவ எங்கே போவாவோ தெரியாது. இதையே ஜேர்மனில் எழுதி, நாளைக்கு ஊ கோபுரத்து வரவேற்பில் கொடுக்கப் போகிறேன். தமிழில் எழுதாத ஒரு வரி அதில் இருக்கும், அன்றைக்கு நான் அவவுக்குச் சொல்லாமல் விட்டது: என் அண்ணா உங்களிடம் சொன்ன சொல்லுக்கு அர்த்தம், நொக் அய்ன்மால்.

அன்புடன்,
அவருடைய தங்கச்சி