பார்த்துப் பார்த்து வைத்திருப்பவரும் சைலன்சரை அறுப்பவரும் ஒன்றா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாற்றியமைத்த வாகனங்கள் மீது நடவடிக்கை என்று செய்தி வந்தால் கூடவே படமும் வரும்: அறுத்த சைலன்சர், கண்ணைக் கூசும் விளக்கு, தரையை உரசும் பம்பர். அவர்களைப் பிடிக்கட்டும், அபராதம் போடட்டும், எனக்கு மறுப்பே இல்லை. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறவர்களுக்கு இரண்டு மடங்கே போடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் காரைத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து, ஆயில் மாற்றி, பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்களைப் பற்றி யாராவது எழுதுகிறார்களா?

ஆயில் மாற்றுவதை யாரும் தடுக்கவில்லை, சரி. (பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களை மட்டும் தடுக்க வேண்டும்.) சிக்கல் அடுத்த படியில்தான். ஹெட்லைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சின்ன கார்கள் பலவற்றில் விளக்குக்குப் போகிற மின்சாரம் முழுக்க மெல்லிய வயரில், ஸ்விட்ச் வழியாகச் சுற்றித்தான் போகும், போகிற வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும். ஒரு வோல்ட் குறைந்தாலே ஹாலஜன் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்வாசி காணாமல் போகும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, ஃபியூஸும் ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போட்டுவிட்டால், அதே 60/55 வாட் பல்பு, எதிரே வருபவர் கண்ணை உறுத்தாமல், பளிச்சென்று எரியும். இன்னொருவர் இந்த வேலை எதுவும் செய்யாமல், ஹாலஜனுக்காகச் செய்த கூட்டில் மலிவான எல்.இ.டி. பல்பைத் திணிக்கிறார், ஒளி தரும் இழை இருக்க வேண்டிய இடத்தில் இழை இல்லாததால் ஒளி கண்டபடி சிதறி, எதிரே வருகிற பைக்காரர் குருடாகிறார். முதலாமவர் செய்தது பராமரிப்பு, இரண்டாமவர் செய்தது ஆபத்து. சாலையோரச் சோதனையில் இரண்டும் ‘எக்ஸ்ட்ரா லைட் வேலை’ என்றே பார்க்கப்படுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றில்) உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. நோக்கம் புரிகிறது. ஆனால் ஒழுங்காகச் செய்கிறவன் போய்க் காட்டிச் சான்று வாங்க ஒரு கதவாவது வேண்டாமா?

அப்படிக் கதவே கிடையாது என்றும் சொல்ல முடியாது. சி.என்.ஜி. கிட் பொருத்தினால், அங்கீகாரம் பெற்ற கிட்டா, பொருத்தியது அங்கீகாரம் பெற்ற இடமா என்று பார்த்து ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறார்கள். வெடிக்கக்கூடிய வாயுவுக்கே வழி இருக்கிறது, நல்ல பிரேக்குக்கும் சரியான அளவு அலாய் வீலுக்கும் இல்லை! ஜெர்மனியில் உதிரிபாகத்தைச் சான்றிதழோடு வாங்கிப் பொருத்தி, டி.யூ.வி. போன்ற சோதனை நிறுவனத்திடம் காட்டினால், பொறியாளர் ஆராய்ந்து தேறியதை வண்டியின் ஆவணத்தில் சேர்க்க வழி இருக்கிறது, தேறாததைக் கழற்றச் சொல்வார்கள். காப்பீட்டிலும் தகராறு குறையும். இங்கே மாற்றம் செய்தவர் அதை மறைக்கவே பார்க்கிறார், விபத்து நடந்த பிறகு கிளெய்ம் கிடையாது என்கிறார்கள்.

இன்னொரு பக்கம், கம்பெனி சர்வீஸுக்கே போகலாமே என்பார்கள். உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காகப் போட்டி ஆணையம் (சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) 2014இல் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததை நினைவுபடுத்துகிறேன். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை.

மாருதி என்ஜினில் பந்தயக் கார் கட்டிய கரிவர்தன் எங்கள் ஊர்க்காரர், செட்டிப்பாளையம் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான். லேத்துக்கும் ஃபவுண்டரிக்கும் இங்கே பஞ்சமில்லை, வேலை தெரிந்த ஆளும் உண்டு. ஆகவே போக்குவரத்துத் துறை கோவையிலேயே தொடங்கலாம்: எது கூடும், எது கூடாது என்று தமிழில் ஒரு பட்டியல் ஒட்டட்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் சோதனைக்கு ஒதுக்கட்டும். கட்டணம் வைத்தாலும் வரிசையில் நிற்க ஆட்கள் இருக்கிறார்கள், நானும் நிற்பேன்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்