பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே செட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஹாலில் பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் எந்த ஸ்பீக்கர் செட் வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு லிங்க்கையும் பார்த்தேன். டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான சவுண்ட்பாரும் வேண்டாம், அந்த 'ஆயிரம் வாட்' ஹோம் தியேட்டர் பெட்டியும் வேண்டாம். உனக்குப் பாட்டு, மாப்பிள்ளைக்குப் படம். பாட்டுக்கென்று பார்த்து வாங்கியது படத்துக்கும் நன்றாகவே இருக்கும். படத்துக்கென்று வாங்கியதில் பாட்டு பெரும்பாலும் சொதப்பும்.

அந்தப் பெட்டியில் வரும் குட்டி ஸ்பீக்கர்களுக்குள் இரண்டரை, மூன்று அங்குல டிரைவர்தான், அதாவது ஒலியை எழுப்பும் வட்டக் கூம்பு. ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய ஒலி கனக்கும்; 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் இறங்க முடியாது. மிச்சத்தை சப்வூஃபர் என்ற, கனத்த ஒலிக்கான தனிப் பெட்டியின் தலையில் கட்டிவிடுவார்கள். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. பாடகர் பாதி டிவி பக்கமும் பாதி சப்வூஃபர் இருக்கும் மூலையிலுமாக நின்று பாடுவார். சவுண்ட்பாரில் இடதும் வலதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் ஸ்டீரியோவின் அகலமே போய்விடும்.

ஒரு லட்சம் என்றாயே, அதில் 45,000 வரை முன்னால் வைக்கும் இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு ஒதுக்கு. டிரைவர் ஐந்தேகாலிலிருந்து ஆறரை அங்குலம், சென்சிட்டிவிட்டி (அதே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 86, 87 டெசிபலாவது இருக்கட்டும். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். அடுத்து 5.1 ஏவி ரிசீவர், அதாவது டிவியின் ஒலியை வாங்கி ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர். இடது, வலது மட்டும் கொண்ட டூ சேனல் ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்கு அருமைதான், ஆனால் பிறகு வசனத்துக்கான சென்டர் ஸ்பீக்கரை நடுவில் சேர்க்க வழியில்லை. ரிசீவரின் வாட் கணக்கில் ஏமாறாதே: ஒரே சேனல், 6 ஓம், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்று போட்ட எண்ணைத் தள்ளிவிட்டு, இரண்டு சேனல், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்று போட்டதை மட்டும் பார். மிச்சப் பணம் ஸ்டாண்டுக்கும் ஒயருக்கும். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிளை வாங்கினால் எனக்குக் கோபம் வரும்.

உங்கள் ஹால் 12க்கு 14 அடி. டிவி இருக்கும் 12 அடிச் சுவரில் ஸ்பீக்கர்களை ஆறிலிருந்து ஏழு அடி இடைவெளியில் வை. நீ உட்காரும் இடமும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம். ட்வீட்டர், அதாவது மெல்லிய உச்ச ஒலிக்கான சிறிய டிரைவர், காது உயரத்துக்கு வரவேண்டும். சுவரிலிருந்து ஓரடியாவது முன்னால் இழு. ஒட்டி வைத்தால் பேஸ், அதாவது கனத்த ஒலி, குமுறும். சோபாவையும் பின்சுவரில் ஒட்டாதே, அதே குமுறல்தான். ஹாலின் நடுவே நின்று கை தட்டு. 'டிர்ர்' என்று எதிரொலித்தால் டைல்ஸ் தரையும் பால்கனிக் கண்ணாடிக் கதவும்தான் காரணம். கனமான திரைச்சீலை ஒன்றும் சோபாவுக்கு முன் ஒரு கம்பளமும் போட்ட பிறகு கேட்டுப் பார்; விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயர்கூட அவ்வளவு வித்தியாசம் காட்டாது. வாடகை வீட்டில் ஆணியும் அடிக்க வேண்டாம்.

இணைக்கும்போது சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பக்கம் மாறினாலும் பேஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. டிவியின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டுகளில் 'ஆர்க்' (ARC) என்று எழுதியதில் மட்டும் ரிசீவரைச் செருகு; டிவியின் ஒலி ரிசீவருக்குப் போகும் வழி அதுதான். டிவி செட்டிங்கில் ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டு சேனல்தான் வரும். 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்று. ரிசீவரில் சென்டர் ஸ்பீக்கர் 'இல்லை' என்று இருக்கிறதா பார்த்துக்கொள். இல்லாத ஸ்பீக்கரை இருக்கிறதென்று விட்டால் இசை, சண்டை எல்லாம் கேட்கும், வசனம் மட்டும் கேட்காது. மாப்பிள்ளை ரிசீவரையே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார்!

ஆறு மாதம் கழித்து சப்வூஃபர் வாங்கலாம். அதை நீ உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேள். பேஸ் குழறாமல் தெளிவாகக் கேட்கும் இடமே அதற்கு இடம். அப்புறம் ரிசீவரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும் கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்றும் வை. ரிசீவரின் ஆட்டோ செட்டப் 'லார்ஜ்' என்று போட்டிருந்தாலும் மாற்று. சென்டர் அதற்கும் பிறகு. இரண்டு பேரும் நடுவில் உட்கார்ந்தால் அவசரமில்லை. வாங்கினால் அதே கம்பெனியின் அதே வரிசையில் வாங்கு, இல்லையென்றால் குரலின் தன்மை மாறித் தெரியும். பாட்டுக்கு எப்போதும் 'ஸ்டீரியோ' மோட்.

ரிசீவரை மூடிய அலமாரிக்குள் வைக்காதே. மேலே அரையடி இடம் இல்லையென்றால் சூடேறித் தானாக அணையலாம். 'ம்ம்' என்று உறுமல் கேட்டால் முதலில் செட் டாப் பாக்ஸின் டிஷ் ஒயரைக் கழற்றிப் பார். உறுமல் நின்றால் கோளாறு அந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது.

வாங்குவதற்கு முன் டிவியின் மாடல் எண்ணை எனக்கு அனுப்பு. அதில் ஆர்க் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா