அலை அடங்கிய இடத்தில் இறங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் வெப்பமண்டலத் தீவுச் சுற்றுலாக் கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். எப்போது போகலாம், எங்கே தங்கலாம், எல்லாம் இருக்கும். கடலில் எங்கே இறங்கக் கூடாது என்று மட்டும் ஒரு வரி இருக்காது. அது தெரியாததால் போன வருடம் ஒரு தீவில் என் தங்கை மகனைப் பறிகொடுக்கப் பார்த்தோம்.

கரையில் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கருத்த நிறத்தில் அமைதியாகக் கிடந்தது. "அங்கே போய்க் குளி, அலை இல்லை" என்று கைகாட்டி அனுப்பியதே நான்தான். கரைக்கு வந்து சேரும் தண்ணீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும், மணல்திட்டிலோ பவளப்பாறையிலோ உள்ள இடைவெளி வழியாக அது வேகமாக வெளியேறுகிறது, அங்கே ஆழம் அதிகம் என்பதால்தான் அலை உடைவதில்லை. இதற்குத்தான் ரிப் கரண்ட் என்று பெயர். ஒலிம்பிக் நீச்சல்காரரையும் மிஞ்சும் வேகம் சில நேரம் அதற்கு உண்டாம்.

அவன் நன்றாக நீந்துவான். அப்படியும் கரையைப் பார்த்து நேராக நீந்த நீந்த, தூரம் போய்க்கொண்டே இருந்தான். நான் உள்ளே ஓடப் பார்த்தபோது அந்த ஊர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் நீந்து, பக்கவாட்டில் நீந்து என்று இரண்டு கையாலும் அவனுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். அவனும் புரிந்துகொண்டு கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகினான், அப்புறம் அலையோடு சேர்ந்து வந்துவிட்டான். அந்த நீரோட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. பதறி அதை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்கலாம். காப்பாற்றக் குதித்தவர்களே இறந்துபோவதும் நடக்கிறது, எனவே கரையில் இருப்பவர்கள் மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

அன்றிலிருந்து தேடித் தேடிப் படிக்கிறேன். நம்மை ஏமாற்றுவது அந்த அமைதியான பட்டை மட்டும் இல்லை. கடல்காற்று சில்லென்று அடிப்பதால் வெயில் உறைப்பதே தெரியாது. மெல்லிய மேகம் இருந்தாலும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை உள்ளே வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை மீட்டர் ஆழத்திலும் 40 சதவீதம் எட்டுகிறது. முகம் நீருக்குள்ளும் முதுகு மேலேயுமாக மணிக்கணக்கில் மிதந்து மீன் பார்க்கிறவர்களுக்கு முதுகுதான் வெந்துபோகிறது. ஒரு முழுக்கைச் சட்டை போதும். சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறிய உடனேயும் மறுபடி பூச வேண்டும். பவளத்துக்குக் கேடு என்று இரண்டு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது, வாங்கும்போது அதையும் பாருங்கள்.

அருவியும் அப்படித்தான். நாம் குளிக்கிற இடத்தில் வானம் வெளுத்திருக்கும், மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வந்து அடித்துக்கொண்டு போகும். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே மேடேறிவிட வேண்டும்.

கடல் திடீரென்று உள்வாங்கித் தரை தெரிந்தால் சிப்பி பொறுக்கப் போகக் கூடாது. சிமெலுவே என்ற இந்தோனேசியத் தீவில் 1907 சுனாமியின் நினைவைப் பாட்டிகள் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வைத்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்ததும் ஊரே மலைக்கு ஓடியது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதையும் சொல்ல வேண்டும். பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கவும் கூடாது, வினிகர்தான் ஊற்ற வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த தீவுக் கட்டுரையோடு கால் பக்கம் ஒதுக்குங்கள். ரிப் கரண்ட் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு படம், சிவப்புக் கொடிக்கும் சிவப்பு மஞ்சள் கொடிக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு வரி. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளர் கண் இருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி